ஓதிவரும் பிள்ளைகள் எழுத்தை மறக்காமல் இருக்க



நம் மஹல்லாவில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று ஹிஃப்ழு மதரஸாவில் சேரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உடல்நிலை காரணமாகவோ, தூரம் காரணமாகவோ, பெற்றோரின் விருப்பத்தாலோ வீட்டிலேயே இருந்து படிக்கிற பிள்ளைகளும் உண்டு. குறிப்பாகப் பெண் பிள்ளைகள். இவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வர்களாகவோ அடுத்த நிலைக்குப் போகிறார்கள். ஒரு நிலை முடிந்து அடுத்த நிலை தொடங்குவதற்குள் ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். அந்த இடைவெளியில் கணக்கை விட, அறிவியலை விட, முதலில் கையை விட்டுப் போவது எழுத்துதான். வாசிப்பு தங்கிவிடும். பிழையில்லாமல் எழுதுவது தங்காது. இந்த மாதக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஏன் இவ்வளவு கவலை என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. அதன்படி பதின்மூன்று வயதில் ஹாஃபிழாகி வரும் பையன் எட்டாம் வகுப்பில் உட்காருகிறான். அவன் நெஞ்சில் முப்பது ஜுஸ்வும் இருக்கிறது. ஆனால் தமிழ் நோட்டில் அவன் கை ஐந்தாம் வகுப்பில் நிற்கிறது. ஆசிரியர் சொல்வதை எழுதும்போது வரிக்கு மூன்று பிழை. பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு மாதம் பொறுப்பான், இரண்டு மாதம் பொறுப்பான். பிறகு, "எனக்குப் படிப்பு வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவான். முழுக் குர்ஆனையும் மனனம் செய்த பிள்ளைக்குப் படிப்பு வராது என்றால் யார் நம்புவது? ஆனால் அவன் நம்பிவிடுகிறான்.

பின்னால் வரும் தடைகளையும் யோசித்துப் பாருங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடமானது. அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கி 2021இல் அரசாணை வந்தது. அதில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்ற விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. நம் பிள்ளைகள் அரசு வேலைக்குப் போவதில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம். அந்த வருத்தத்தின் ஒரு நுனி, பத்து வயதுப் பிள்ளை ‘முயற்சி’ என்ற சொல்லை எப்படி எழுதுகிறது என்பதில் இருக்கிறது.

மறதி எப்படி வேலை செய்கிறது

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியல் அறிஞர் தம்மீதே சோதனை செய்து, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இரண்டு விஷயம் நமக்கு வேண்டியது. கற்றதில் பெரும் பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாட்களிலும் போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் குறைகிறது. இரண்டாவது, முழுக்க மறந்துவிட்டதாகத் தோன்றுவதைக்கூடத் திரும்பக் கற்கும்போது முதல் தடவையை விடக் குறைந்த நேரமே ஆகிறது. ஆகவே ஏற்கெனவே இரண்டு ஆண்டு இடைவெளி விழுந்துவிட்ட பிள்ளையின் பெற்றோர் மனம் தளர வேண்டாம். போனது முழுதாகப் போய்விடவில்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு செய்தியைச் சொல்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். நம் பிள்ளை சொற்பட்டியலை ஐந்து முறை வாசித்துவிட்டு, "தெரியும்" என்கிறது. அப்போதைக்கு அது உண்மைதான். ஒரு வாரம் தாங்குமா என்பதே கேள்வி.

இதெல்லாம் ஹிஃப்ழு உஸ்தாதுமார்களுக்குப் புதிது அல்ல. சபக், சபக் பாரா, ஆமூக்தா என்று மூன்று அடுக்காக ஓத வைப்பது எதற்காக? இன்றைய புதுப் பாடம் ஒன்று, அண்மையில் முடித்தது ஒன்று, பழையது ஒன்று. மூன்றையும் பார்க்காமல், முஸ்ஹஃபை மூடிவைத்து, ஒருவர் கேட்க ஓத வேண்டும். ஆமூக்தா விட்ட பிள்ளைக்குச் சபக் எவ்வளவு வேகமாகப் போனாலும் பலனில்லை என்று ஒவ்வோர் உஸ்தாதும் சொல்வார். இதே முறையை எழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பிள்ளைக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை; பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்ளும்.

மூன்று பெட்டி

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் அட்டைப் பெட்டி முறை ஒன்றைப் பிரபலமாக்கினார். அதை நம் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். பழைய நிக்காஹ் அழைப்பிதழ்கள் எல்லார் வீட்டிலும் கிடக்கும். அவற்றின் எழுதாத பகுதியைச் சீட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அந்தச் சொல்லை நினைவூட்டும் குறிப்பு. ‘மழைக்காலத்தில் ஆற்றில் வருவது’ என்று ஒரு பக்கம், திருப்பினால் ‘வெள்ளம்’. ‘கரும்பிலிருந்து காய்ச்சுவது’ என்றால் ‘வெல்லம்’. குறிப்பு இருந்தால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத நேரத்திலும் பிள்ளை தானே பார்த்து எழுதித் திருப்பிச் சரிபார்க்கலாம்.

செருப்புப் பெட்டியோ மிட்டாய்ப் பெட்டியோ மூன்று எடுத்து, சபக், சபக் பாரா, ஆமூக்தா என்றே பெயர் ஒட்டுங்கள். முதல் பெட்டியில் பதினைந்து சீட்டுக்கு மேல் வேண்டாம், அது தினமும். சரியாக எழுதிய சீட்டு இரண்டாம் பெட்டிக்குப் போகும்; அதை வாரம் இரண்டு முறை பார்த்தால் போதும். அங்கும் சரியானால் மூன்றாம் பெட்டி. அது மாதம் ஒரு முறை. எந்தப் பெட்டியில் தவறினாலும் சீட்டு முதல் பெட்டிக்குத் திரும்பும். மொத்தம் பத்து நிமிடம். ஹிஃப்ழு ஓதும் பிள்ளைக்கு மஃரிபுக்குப் பிந்திய நேரத்தைத் தொடாதீர்கள், அது சபக் பார்க்கும் நேரம். அஸருக்குப் பிறகு விளையாடப் போகும் முன் பத்து நிமிடம் நல்லது. பத்து நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். பிள்ளை இன்னும் இரண்டு சீட்டு என்று கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லுங்கள்.

விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகளுக்குப் பெட்டி ஒத்துவராது. அவர்களிடம் வாரம் ஒரு கடிதம் கேளுங்கள். ஐந்து வரி போதும். கடிதத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் கடிதமே வராது. உங்கள் பதிலில் அதே சொல்லைச் சரியாக எழுதிவிடுங்கள். பிள்ளை, "வாப்பா, வெள்ளிக்கிலமை வருவீங்களா?" என்று எழுதினால், "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் வந்துவிடுவேன், வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு சேர்ந்து சாப்பிடலாம்" என்று பதில் போடுங்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளை எத்தனை முறை வாசிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பிழை எங்கே விழுகிறது

பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திப் பார்த்தால் பிழைகள் நூறு விதமாக இருப்பதில்லை. ஏழெட்டு இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழுகிறது. அந்த இடங்களுக்கு விதி உண்டு. விதியைத் தெரிந்துகொண்டால் ஆயிரம் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை மிச்சம்.

முதலில் ல, ள, ழ. நம்மில் பலர் பேச்சில் ளகரத்தையும் ழகரத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். காதில் வேறுபாடு இல்லாதபோது கையில் எப்படி வரும்? இதில் ஓதும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸீனையும் ஸாதையும், தேயையும் தோவையும் மக்ரஜ் பார்த்துப் பிரித்துச் சொல்லப் பழகிய நாக்கு அது. தமிழுக்கும் மக்ரஜ் உண்டு. தொல்காப்பியத்தில் எழுத்துகள் பிறக்கும் இடத்தைச் சொல்லவே பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. ல சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லின் அடியை ஒட்டித் தொடும். ள சொல்லும்போது நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழவில் அதே போல வளையும், ஆனால் தொடாது. இதை ஒரு நாள் கண்ணாடி முன் நிறுத்திச் சொல்லிக் காட்டுங்கள். ஹாஃபிழ் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்வதெழுதுதல் போடுகிறவரும் நாக்கை வளைத்துச் சொல்ல வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வினைச்சொற்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. நடந்து முடிந்ததாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். செல் என்பது சென்றான், வெல் என்பது வென்றான், கொல் என்பது கொன்றான். ஆள் என்பது ஆண்டான், கொள் என்பது கொண்டான். வாழ் என்பது வாழ்ந்தான், தாழ் என்பது தாழ்ந்தான், சூழ் என்பது சூழ்ந்தான். ‘ன்ற’ வந்தால் ல், ‘ண்ட’ வந்தால் ள், ‘ந்த’ வந்தால் ழ். சொல்–சொன்னான், கேள்–கேட்டான் போல விலகி நிற்பவை சில உண்டு. அவற்றைத் தனிச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலான இடத்தில் இந்த உரைகல் ஏமாற்றாது.

அடுத்தது ந, ன, ண. நகரத்துக்கும் னகரத்துக்கும் இன்று நம் பேச்சில் ஒலி வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். ஆகவே இடத்தை வைத்துத்தான் எழுத வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் ந மட்டுமே வரும்: நோன்பு, நபி, நன்மை. த என்ற எழுத்துக்கு முன் ந் மட்டுமே வரும்: பந்து, வந்தான், சந்தை. மற்ற இடங்களில் அனேகமாக ன. வெந்நீர், செந்நிறம், முந்நூறு போன்றவை இரண்டு சொல் சேர்ந்தவை; நீர், நிறம், நூறு என்று பிரித்துக் காட்டினால் ந ஏன் வந்தது என்று பிள்ளைக்கே தெரியும். ‘வென்னீர்’ என்று தேநீர்க் கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையிடம் காட்டி என்ன பிழை என்று கேளுங்கள். கடைப் பலகையில் பிழை கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு உள்ள மகிழ்ச்சி வேறு எதிலும் இல்லை. கடைக்காரர் காதில் விழாமல் சொல்லச் சொல்லுங்கள்.

ற எழுத்துக்கு முன் ன் மட்டும் வரும், ட எழுத்துக்கு முன் ண் மட்டும் வரும். கன்று, வண்டு. நாம் மூணு, ஒண்ணு என்று பேசுவதால் பிள்ளை எழுதும்போது ‘மூண்று’, ‘ஒண்று’ என்று எழுதுகிறது. பேச்சையும் எழுத்தையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. ‘ண்ற’ என்று தமிழில் கிடையவே கிடையாது என்று ஒரு முறை சொன்னால் போதும்.

பேச்சு வழக்கு கெடுக்கும் இன்னோர் இடம் ‘த்த’. காத்து, நேத்து, வெத்தலை என்று பேசுகிறோம். எழுத்தில் காற்று, நேற்று, வெற்றிலை. ஆனால் பத்து, முத்து, கத்தி எல்லாம் உண்மையிலேயே ‘த்த’. இதற்கு விதி சொல்வது கடினம், சீட்டுதான் வழி.

எல்லாவற்றிலும் அதிகமாக விழும் பிழை, பெரியவர்களும் விடாமல் செய்யும் பிழை, ற் என்ற எழுத்துக்குப் பிறகு இன்னொரு மெய்யைச் சொருகுவது. ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘அதற்க்கு’ என்று நம் மஹல்லாச் சுவரொட்டிகளிலேயே பார்க்கலாம். ற், ட் ஆகிய இரண்டுக்கும் பிறகு இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, ஏற்பாடு, கட்சி, காட்சி, நட்பு. ய், ர், ழ் மூன்றுக்கும் பிறகு வரலாம்: வாய்ப்பு, பார்க்க, வாழ்த்து. இந்த ஒன்றை மட்டும் பிள்ளை பிடித்துக்கொண்டால் விடைத்தாளின் பாதிச் சிவப்பு குறைந்துவிடும். ர, ற குழப்பத்துக்கும் இதில் கொஞ்சம் விடை இருக்கிறது. இரட்டித்து வந்தால் ற்ற தான், ர் தன்னோடு தான் சேர்ந்து இரட்டிக்காது. சொல்லின் கடைசியில் வந்தால் ர் தான், ற் கடைசியில் நிற்காது. தொடக்கத்திலும் ர தான். இலங்கைச் சகோதரர்கள் றமழான், றஹீம் என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்குள்ள வழக்கம், நம் பிள்ளைகள் தேர்வில் எழுத வேண்டியது இங்குள்ள வழக்கம். நடுவில் வரும் ர, றவுக்குப் பிறை, மறுமை, இறைவன், அருள், பரக்கத் என்று தினமும் காதில் விழும் சொற்களிலிருந்தே சீட்டு எழுதலாம்.

ரமளானா, ரமழானா, ரமலானா?

இதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அரபியில் உள்ள ளாத் எழுத்துக்குத் தமிழில் நேர் எழுத்து இல்லை. ஆளுக்கொரு விதமாக எழுதி வந்திருக்கிறார்கள். ஒளு, உளூ, வுழூ என்பதும் அப்படியே. ஒரு காலத்தில் நம் முன்னோர் இதற்கு எதிர்ப்பக்கத்து வேலையைச் செய்தார்கள்: தமிழை அரபி எழுத்தில் எழுதியபோது அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளோடு புள்ளிகள் கூட்டி அரபுத்தமிழ் எழுத்தை அமைத்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்த எழுத்தில் கிதாபுகள் இன்றும் உண்டு. ஓர் எழுத்து இன்னொரு மொழிக்குப் போகும்போது இந்தச் சங்கடம் இருக்கவே செய்யும். அதனால் ரமலான் என்று பிள்ளை எழுதினால் அதைப் பிழையாகக் கணக்கிட வேண்டாம். வீட்டில் ஒரு வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஆனால் தொழுகைக்கு ஒரே எழுத்துதான்; ‘தொளுகை’ பிழைதான். எது வழக்கத்தைப் பொறுத்தது, எது பிழை என்ற வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், "எப்படி எழுதினாலும் ஒன்றுதான்" என்ற எண்ணம் வராது.

இதோடு சேர்த்து ஒரு முக்கியமான விஷயம். பிள்ளையின் சொந்தப் பெயர். முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத் என்று நான்கும் நம்மிடையே இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் உதவித்தொகை விண்ணப்பத்திலிருந்து கடவுச்சீட்டுவரை அலைய வேண்டும். டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் கல்வி விண்ணப்பங்களில் பெரிய தாமதம் இதனால்தான். தேர்வுக்குப் பதிவு செய்யும் முன், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் பிள்ளை பார்க்காமல் எழுதப் பழகட்டும். முதல் சீட்டாக இதையே போடலாம்.

வீட்டு வேலையோடு வேலையாக

மதரஸாக்களுக்கு ஷஅபானில் விட்டால் ஷவ்வாலில்தான் திறப்பு. அந்த நாட்கள் பிள்ளை முழுக்க வீட்டில் இருக்கும். சீட்டும் பெட்டியும் சலித்துப்போகும் வீட்டுக்கு வேறு வழி சொல்கிறேன். கடைக்கு எழுதும் பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். உம்மா சொல்லச் சொல்ல எழுதட்டும். நோன்புக் கஞ்சிக்கு என்னென்ன வேண்டும்? பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, தேங்காய், எண்ணெய். இந்த ஒரு பட்டியலில் ந், ண், ற, ள, ல் எல்லாம் வந்துவிட்டன. பெரும்பாலோர் ‘எண்ணை’ என்றுதான் எழுதுவார்கள். எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதால் எண்ணெய் என்று சொல்லுங்கள், ஆயுசுக்கும் மறக்காது. எழுதிய பட்டியலைப் பிள்ளையே கடைக்குக் கொண்டு போகட்டும். தான் எழுதியதை ஒருவர் வாசித்துப் பொருள் எடுத்துத் தருகிறார் என்பது நோட்டில் கிடைக்கும் பத்து மதிப்பெண்ணை விடப் பெரிது.

எனக்கே தமிழ் சரியாக எழுத வராது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். வீட்டில் உர்தூ பேசும் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். பழைய பாடநூல் விடை சொல்லும். தமிழகப் பாடநூல்கள் அரசின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பாடநூலிலிருந்து பத்துச் சொல்லை அக்காவோ பெரியம்மாவோ கைப்பேசியில் பேசிப் பதிந்து வைத்தால், பிள்ளை கேட்டு எழுதி, நூலைத் திறந்து தானே திருத்திக்கொள்ளும். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளை அதை மறப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரியது சின்னதுக்குச் சொல்வதெழுதுதல் போடட்டும். சொல்கிறவருக்குத்தான் அதிக லாபம்.

கைப்பேசி இன்னொரு வகையில் கெடுதலும் செய்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ல, ள இரண்டும் ‘எல்’ என்ற ஒரே எழுத்தாகிவிடுகின்றன. பலர் ழவுக்கும் அதையே போடுகிறார்கள். ந, ன, ண மூன்றும் ‘என்’. தினமும் அப்படி ஐம்பது செய்தி பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு எங்கே தங்கும்? குடும்பக் குழுவில் மட்டுமாவது தமிழ் எழுத்தில் எழுதுவோம். அதுவும் கைப்பேசி தானாக எடுத்துக் கொடுக்கும் சொல்லைத் தொட்டுவிட்டுப் போனால் பிள்ளைக்கு ஒன்றும் பயனில்லை. கையால், காகிதத்தில்.

பிழையான சொல்லை ஐம்பது தடவை எழுது என்று தண்டனை கொடுப்பதை விட்டுவிடுங்கள். கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளை முதலில் ‘மு’ என்று மேலிருந்து கீழாக ஐம்பது எழுதும், பிறகு ‘ய’ ஐம்பது, பிறகு ‘ற்’ ஐம்பது. ‘முயற்சி’ என்ற சொல்லை அது ஒரு முறைகூட எழுதவில்லை. மூடிவைத்து மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாட்களில் எழுதினால் அந்த ஐம்பதை விட மேல்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே விதி குறைவு, பழக்கம் அதிகம். லைட், நைட், ரைட், ஃபைட் என்று ஒரே வால் உள்ள சொற்களை ஒரு குடும்பமாகச் சேர்த்து எழுத வையுங்கள். ஒலிக்காத எழுத்தை அந்த எழுத்து ஒலிப்பது போலவே வீட்டுக்குள் வேடிக்கையாகச் சொல்லிப் பழகுவதும் உதவும். நைஃப் என்பதைக் ‘க்நைஃப்’ என்று சொல்லிச் சிரித்த பிள்ளை கே எழுத்தை விடாது. பெட்டி முறை அதற்கும் அப்படியே பொருந்தும்.

தேர்வு விவரம் கேட்பவர்களுக்காக: தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள், அவை முறையே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமம். அதன் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது. பதினொரு வயதில் ஹிஃப்ழை முடித்த பிள்ளை எந்த வழியில் போனாலும் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக்காகத்தான் இத்தனையும்.

சீட்டுகள் எழுத நேரமில்லாதவர்களுக்காக, நான்கு, ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களிலிருந்து எடுத்த இருநூறு சொற்களின் பட்டியலை டிரஸ்ட் அலுவலகத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் முதல் மஃரிப் வரை வந்து பெற்றுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. வரும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களையும் எடுத்து வந்தால் பெயர் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறோம். பழைய அழைப்பிதழ்கள் வைத்திருப்பவர்கள் கொண்டு வந்து தந்தால் வேண்டியவர்களுக்குக் கொடுப்போம்.